தம்மாம் பெட்டி

எங்கள் மாவட்டத்தில் இசைக்கருவி பழுதுபார்ப்பவர்கள் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறார்களாம். அதற்குக் கட்டுரை கேட்டு என் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள், ஒருவரும் சாத்தவில்லை. கொசு உள்ளே வந்தது. ஒருவர் கைப்பேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். புதிதாக வரும் பெட்டிகளில் பேட் எந்தக் கம்பெனி என்று தொட்டுக் காட்டினால் போதுமாம். சென்சிட்டிவிட்டி எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளுமாம்.

"அப்புறம் நான் என்னத்துக்குவே எழுதணும்?" என்றேன்.

"லிஸ்ட்ல இல்லாத பேட் வந்தா என்ன செய்யன்னு தெரியல அண்ணாச்சி."

லிஸ்டில் இல்லாத பேடைப் பார்த்துப் பார்த்தே எனக்கு முதுகு வளைந்தது. எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போதும் கதவைச் சாத்தவில்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்கள் வீட்டிலும் மலர் கிடக்கும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட் என்பது ரப்பர் ஒட்டிய தட்டு. அதன் அடியில் காசு அளவுக்கு ஒரு வில்லை இருக்கிறது. தட்டினால் அந்த வில்லையிலிருந்து துளி மின்சாரம் கிளம்பி வயர் வழியாகப் பெட்டிக்குப் போகும். பெட்டி அதை அளந்து, இது மெல்லிய அடி, இது ஓங்கிய அடி என்று முடிவுசெய்து, அதற்குத் தக்கபடி டிரம் சத்தத்தையோ தபலா சத்தத்தையோ வெளியே விடும். ஆக, அடி வாங்குவது ஒன்று, சத்தம் போடுவது இன்னொன்று. குடும்பத்திலும் அப்படித்தானே என்று என் மனைவி சொல்வாள்.

இரண்டும் ஒரே கம்பெனி என்றால் தகராறு இல்லை. தென்காசிக்கு அப்படிச் சோடியாக வந்ததைவிடச் சோடி பிரிந்து வந்ததே அதிகம். பேட் சென்னையில் பழையதாக வாங்கியதாக இருக்கும்; பெட்டி யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கும். ஒரு கம்பெனி வில்லை தாராளமாக மின்சாரம் தரும்; அதைக் கொஞ்சமாக எதிர்பார்க்கும் இன்னொரு கம்பெனிப் பெட்டியில் செருகினால், லேசாகத் தட்டினாலே வேட்டுப் போட்ட மாதிரிக் கேட்கும். எதிர்மாறாகச் சேர்ந்துவிட்டால், தோள் நோக அடித்தாலும் பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவது போலத்தான் இருக்கும்.

டிப்ளமோ படித்து, டிவி ரிப்பேர் பார்த்து, அதில் பிழைக்க முடியாமல் தென்காசியில் ஓர் இசைக்கருவிக் கடையின் சர்வீஸ் பிரிவில் வந்து சேர்ந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சாலிடர் வைத்தேன், திட்டு வாங்கினேன், மறுபடி சாலிடர் வைத்தேன்.

திட்டியவர் கோமதிநாயகம் சார். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். சர்வீஸ் பிரிவுக்கு அவர்தான் தலை, நான் ஒருவன்தான் வால். கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே சாசரில் அடுக்கி வைப்பார். ஒன்று உருண்டால் அன்று முழுவதும் என்னோடு பேச்சு கிடையாது. வேலை முடிந்தால் 'சரி' என்றோ 'ஓகே' என்றோ சொல்ல மாட்டார். 'பத்து' என்பார். அதன் பிறகுதான் தேநீர்.

பத்து என்பதற்குக் காரணம் கொக்கு. அது சார் செய்த கருவி. இரும்பு ஸ்டாண்டு ஒன்றில் கீல் போட்டு ஒரு டிரம் குச்சியை மாட்டியிருப்பார். ஸ்டாண்டில் மூன்று பள்ளங்கள் வெட்டியிருக்கும். குச்சியைத் தூக்கிப் பள்ளத்தில் நிறுத்தி விடுவித்தால், தன் எடையாலேயே விழுந்து கீழே உள்ள பேடைக் கொத்தும். கீழ்ப் பள்ளத்திலிருந்து விழுந்தால் மெல்லிய அடி, நடுவிலிருந்து நடுத்தரம், மேலிருந்து ஓங்கிய அடி. ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் பத்துக் கொத்து. பெட்டியின் திரையில் பத்துக்கும் ஏறத்தாழ ஒரே எண் வர வேண்டும். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து. ஒரு செட்டுக்கு எட்டு பேட் என்றால், மொத்தம் இருநூற்று நாற்பது கொத்து. நான்தான் எண்ணுவேன். எண்ணுவது எனக்குப் பிடிக்கும் என்று கடையில் நினைத்தார்கள். பிடிக்காது. எண்ணாவிட்டால் ஏதோ தொலைந்துபோன மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

கொக்கு கொத்துவதற்கு முன்னால் வயரைப் பார்க்க வேண்டும். வில்லையின் இரண்டு முனைகளும் இடம் மாறியிருந்தால், சில பெட்டிகள் அடியின் முதல் எழுச்சியைத் தவறவிட்டு அடுத்து வரும் சின்ன எழுச்சியைத்தான் பிடிக்கும். அடி பலமாக இருக்கும், சத்தம் நோஞ்சானாக வரும். வயர் சரி என்றால் அடுத்தது இரண்டு எண்கள். ஒன்று த்ரெஷோல்டு. அது வாசற்படி. அதைத் தாண்டி வருவதைத்தான் பெட்டி ஓர் அடியாக மதிக்கும். மற்றது சென்சிட்டிவிட்டி. உள்ளே வந்த அடியை எத்தனை மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பது என்பதை அதுதான் சொல்லும். படியை உயர்த்தினால் மெல்லிய அடிகள் வெளியிலேயே நின்றுவிடும். தாழ்த்தினால் பக்கத்தில் ஆள் நடந்தாலே பெட்டி சத்தம் போடும்.

சிவகிரிப் பக்கம் ஒரு தேவாலயத்தில் அப்படித்தான் ஆனது. ஜெபம் நடக்கும்போது, யாருமே தொடாத பேட் 'தும், தும்' என்று அடித்துக்கொண்டது. நாங்கள் போனபோது பாடகர் குழுவில் ஒருவர், "போதகர் அதட்டிப் பாத்தாரு சார். போகல" என்றார். எதை அதட்டினார் என்று சார் கேட்கவில்லை. குனிந்து மேடைப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உதறல் பலகை வழியாக ஏறி பேடுக்கு வந்துகொண்டிருந்தது. நான் அவசரப்பட்டு த்ரெஷோல்டை உயர்த்தப் போனேன். சார் என் கையைத் தட்டிவிட்டார்.

"திருடன் வருவான்னு வாசலே இல்லாம வீடு கட்டுவானா வே? ஸ்டாண்டைத் தூக்கிச் சிமெண்டுத் தரையில வையும்."

வைத்தோம். சத்தம் நின்றது. அந்த ஒரு பாடம் பிற்பாடு எனக்கு உதவியது. நல்லதற்கா என்றுதான் இன்னும் தெரியவில்லை.

சாருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வாடிக்கையாளர் வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பேடில் கை வைக்கக் கூடாது. "ஆளுக்கு ஆள் கை மாறும். ஒரே ஆளுக்கே சாப்பிடுறதுக்கு முன்ன ஒரு கை, சாப்பிட்ட பொறவு ஒரு கை. அதை நம்பி எண் வைக்க முடியுமா?" என்பார். அந்தச் சட்டத்தில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அச்சன்புதூர் மைதீன் வருகிறவரை.

மைதீன் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதிலேயே தபலாவில் உட்கார்ந்து, பிறகு மெல்லிசைக் குழு ஒன்றில் பேட் வாசிக்கப் போனவன். என்னைவிட ரொம்ப இளையவன். அப்போதுதான் முதல் குழந்தை பிறந்திருந்தது. அவனுடைய பழைய பெட்டிக்குள் குற்றாலத்துச் சாரல் இறங்கி, உள்ளே பச்சை பூத்துச் செத்துப்போயிருந்தது. மனைவி ஆமினாவின் அண்ணன் சவுதியில், தம்மாம் நகரில் கடை வைத்திருந்தார். அவர் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினார். பேட்கள் பழைய கம்பெனி, பெட்டி வேறு கம்பெனி. அந்தப் பெயரை நாங்கள் அதற்கு முன்பு கேள்விப்பட்டதில்லை. அதனால் கடையில் அது தம்மாம் பெட்டி ஆயிற்று.

எட்டு பேடையும் பெட்டியையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். பையிலிருந்து இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் கொக்கை வைத்தோம். இருநூற்று நாற்பதும் சுத்தம். சார் 'பத்து' என்றார். மைதீன் போனான். ஒரு கச்சேரி முடிந்ததும் திரும்பி வந்தான்.

"பாதி அடியை முழுங்குது சார். பாட்டுப் பாடுதவ என்னையவே திரும்பித் திரும்பிப் பாக்கா."

மறுபடி கொக்கு. மறுபடி எல்லாம் சுத்தம்.

"நான் வேணா அடிச்சுக் காட்டுதேன் சார்."

"நீ காட்ட வேண்டாம். கொக்கு காட்டிட்டு" என்றார் சார். "பெட்டியில கோளாறு இல்ல. கையைக் கவனி."

மைதீன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். மச்சான் பெட்டியோடு விசாவுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். வீட்டில் எல்லாரும் போ போ என்கிறார்கள். இவன், "இந்த சீசனுக்குப் பெட்டி சரியா வந்துட்டுன்னா இங்கனயே கெடக்கேன். வரலைன்னா பிளைட் ஏறுதேன்" என்று தாய் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டான். ஐந்தருவிப் பக்கத்தில் சீசன் மேடைக் கச்சேரி வரப்போகிறது. அதிலும் முழுங்கினால் குழுவில் அவனுக்கு இடம் இல்லை. பெட்டியையும் பேட்களையும் எங்களிடமே விட்டுவிட்டு, குச்சிகளையும் மறந்து வைத்துவிட்டுப் போனான்.

அடுத்து வந்தது ஆமினா. மினிபஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். மழைத்தண்ணீர் சொட்டும் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றாள்.

"மைதீன் வீட்டுல இருந்து வாரேன். அந்தப் பெட்டி சரியாகுமா, ஆகாதா சார்?"

"பாத்துக்கிட்டிருக்கோம்மா. உக்காரு."

"பாக்காண்டாம் சார். ஆகாதுன்னு சொல்லிருங்க."

சார் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். வேலை நடுவில் அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

"சீசன் மூணு மாசம். பொறவு நாலு கல்யாணம், ரெண்டு கோயில் கொடை. மிச்ச நாளுக்கு என்னத்தத் தின்ன? மழை வந்தா தொட்டிலை எங்கன கட்டன்னு தெரியாம நிக்கேன், வீடு பூரா ஒழுக்கு. எங்க அண்ணன் சும்மா கூப்பிடல, உக்காந்து பாக்குத வேலைக்குத்தான் கூப்பிடுதான். நான் சொன்னா 'எங் கலை உனக்குக் கசக்குதோ'ன்னு சண்டைக்கு வருவாக. நீங்க சொன்னா அடங்கிருவாக."

"இங்க நாங்க பெட்டியைத்தான் பாப்போம்மா" என்றார் சார். "ஆகாததை ஆகும்னு சொன்னதில்ல. ஆகிறதை ஆகாதுன்னும் சொன்னதில்ல. ஒரு தடவை சொல்லிட்டேன்னா, பொறவு இந்தக் கடையில எது சொன்னாலும் அதுக்கு மதிப்பில்ல."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கென்ன சார், பெட்டியோட போயிட்டு. வீட்டுல கெடந்து கேக்கது நாந்தான? எந்நேரமும் தட்டு. சோத்து வட்டில்ல தட்டு, கதவுல தட்டு, அண்டாவுல தட்டு. புள்ளையை முதுகுல தட்டி உறக்காட்டுங்கன்னா அதுலயும் ஒரு தாளம். உறங்குத புள்ளையும் முழிச்சுக்கிடும். பத்து விரலும் ஒரு நிமிசம் சும்மா இருக்காது."

"விரலாலயா?" என்றார் சார்.

"பின்ன? குச்சி மேடையில ஆளுக பாக்கதுக்குல்லா. குழு ஓனர் சொல்லுதாருன்னு கடைசி ரெண்டு பேடுக்கு மட்டும் புடிப்பாக. மத்ததுக்கெல்லாம் விரல்தான். தபலா அடிச்ச கை."

சார் கொக்கைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். கொக்கு பேடைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆமினா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் என்னத்தச் சொன்னேன் இப்ப?" என்றாள். அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

குச்சி பட்டால் மின்சாரம் ஊசி மாதிரி ஏறி இறங்கும். விரல் என்பது சதை. அதன் அடி மெதுவாக ஏறும். தம்மாம் பெட்டி அவசரக்காரப் பெட்டி. அடி படியைத் தாண்டியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பங்குதான் பார்க்கும். அதற்குள் எட்டிய உயரத்தையே முழு உயரமாக எடுத்துக்கொள்ளும். விரல் அடி அப்போது பாதிகூட ஏறியிருக்காது. இன்னும் மெல்லிய அடி படியையே தாண்டாது. செத்துப்போன பழைய பெட்டி கொஞ்சம் பொறுமையானது. அதனால் அதில் குறை தெரியவில்லை. எங்கள் கொக்கோ குச்சியால் கொத்துவது. அது குச்சிக்குத்தான் சாட்சி சொல்லும். வாடிக்கையாளரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இல்லாத ஒரு கைக்கு நாங்கள் இருமுறை பெட்டியைப் பொருத்தியிருக்கிறோம்.

மறுநாள் சார் மைதீனை உள்ளே கூப்பிட்டு, தன் நாற்காலியையே அவனுக்குப் போட்டார். கொக்கைத் தூக்கி மூலையில் வைத்தார்.

"அடி."

மைதீன் தயங்கி, வலது கை விரல்களால் ஒரு சுற்று உருட்டினான். பாதிதான் கேட்டது. பெட்டி எவ்வளவு நேரம் காத்திருந்து அளக்க வேண்டும் என்பதற்கு ஒரு எண் உண்டு. ஸ்கேன் டைம் என்பார்கள். சார் அதை ஏற்றினார்.

"இப்ப?"

"எல்லாம் கேக்கு. ஆனா லேட்டா வருது சார். நான் அடிச்சிட்டுப் போயிட்டேன், அது பொறவுதான் வருது."

இதுதான் இந்த எண்ணின் சங்கடம். காத்திருக்கச் சொன்னால் பெட்டி சத்தத்தையும் தாமதமாகத்தான் தரும். தாளக்காரனுக்குத் தாமதமான சத்தம் கேட்காத சத்தத்தைவிட மோசம். சார் அந்த எண்ணைக் கொஞ்சம் இறக்கினார்.

"இப்ப?"

"முழுங்குது."

இறக்கியதில் பாதி ஏற்றினார். வாசற்படியைத் தாழ்த்தினார். சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் கூட்டினார். ஒரு எண்ணைத் தொட்டால் மற்ற இரண்டும் அசைந்தன. ஆறு பேடுக்கும் விரலுக்குத் தனியாக, கடைசி இரண்டுக்குக் குச்சிக்குத் தனியாக. எதற்கும் அலுக்காத சார் அன்று இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். கடைசியில் மைதீன் ஒரு சுற்று அடித்துவிட்டு நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே இருந்தான். சிரித்துக்கொண்டே அடித்தான்.

நான் எண்ணியதில் ஒரு தட்டும் தவறவில்லை. ஆனால் சார் 'பத்து' என்று சொல்லவில்லை. "மேடையில பாப்போம்" என்றார்.

சார் பயந்தது சரிதான். ஐந்தருவிப் பக்கத்து மேடை பலகை மேடை. சாயங்காலச் சாரல். குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தவர்கள் மிளகாய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சவுண்டு சரிபார்க்க பாஸ் ஸ்பீக்கரை முடுக்கியதும் மைதீனின் பேட்கள் தாமாகவே பேச ஆரம்பித்தன. மைதீன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தபலா கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன பாய், கையை எடுத்த பொறவும் வாசிக்கீரு? அடுத்த வருசம் நீரு வீட்டுலயே இரும், பெட்டியை மட்டும் அனுப்பும்" என்றார் குழு ஓனர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மைதீன் சிரிக்கவில்லை. என் கை த்ரெஷோல்டை நோக்கிப் போனது. உயர்த்தினால் பேய்ச்சத்தம் நிற்கும். விரல் அடியும் அதோடு நிற்கும். அவனும் பிளைட் ஏறுவான். கையை நானே இழுத்துக்கொண்டேன்.

"சார், சிவகிரி" என்றேன்.

சார் மேடைப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இங்கே தூக்கி வைக்கச் சிமெண்டுத் தரை இல்லை. நான் மழையில் போய் ஒரு பஞ்சர் கடையில் கிழிந்த லாரி ட்யூப் ஒன்று வாங்கி வந்தேன். துண்டு துண்டாக வெட்டி, மடித்து, ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் நான்கு மடிப்பு கொடுத்தோம். ஸ்பீக்கரை வேறு பக்கம் திருப்பச் சொன்னோம். பேட்கள் அடங்கின.

முதல் பாட்டில் புல்லாங்குழல் மட்டும் வரும் ஓர் இடம். அதற்கடியில் மைதீன் விரல் நுனியால், தூங்குகிற பிள்ளை முதுகில் தட்டுகிற மாதிரி ஓர் உருட்டு உருட்டினான். அருவிச் சத்தத்துக்கு மேலே ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. பஜ்ஜி தின்றவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பத்து" என்றார் சார்.

ஓரத்து நாற்காலியில் குழந்தையோடு குடைக்குள் ஆமினா இருந்தாள். அவள் மேடையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாகத்தான் நாங்கள் போக வேண்டியிருந்தது.

"நல்லாத்தான் கேக்கு" என்றாள்.

மைதீன் தம்மாம் போகவில்லை. அந்த வேலைக்கு அவன் சித்தப்பா மகன் போனான். சில வருஷத்தில் அவன் மைதீன் வீட்டுக்கு எதிரிலேயே மாடி வைத்து வீடு கட்டினான். அச்சன்புதூர் வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த மாடி வருகிற இடத்தில் நான் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். மைதீன் வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றவே பல வருஷம் ஆனது. சாரிடம் ஒருமுறை, "நாம சரி பண்ணாம விட்டிருக்கலாமோ?" என்று கேட்டேன். "அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல" என்றார். ஆனால் அன்றிலிருந்து பெஞ்சை எடுத்து உள்ளே போட்டுவிட்டார். வருகிறவர்களை முதலில் அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கொக்கைத் தொடுவார். சார் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகிறது; நானும் கடையை விட்டு நின்றுவிட்டேன். கொக்கில் இப்போது கடையில் சட்டை மாட்டுகிறார்கள்.

போன மாதம் மைதீன் என் வீட்டுக்கு வந்தான், தம்மாம் பெட்டியோடு. தாடி முழுக்க வெளுத்துவிட்டது. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான். எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சாக்கெட் ஆடியது, குமிழ்களில் தூசி. என் கை நடுங்குவதால் சாலிடர் இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. "முடிஞ்சிட்டு, எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். அவன் எடுக்கவில்லை.

"ஆகாதுன்னு சொல்லிருங்க அண்ணாச்சி."

கைகளை மேசைமேல் வைத்துக் காட்டினான். விரல் கணுக்கள் எல்லாம் பூண்டுப் பல் மாதிரி வீங்கியிருந்தன.

"மடக்க முடியல. ஒரு கச்சேரி அடிச்சா ரெண்டு நாள் சோறு பிசைய முடியல. ஆனா அவ ஆளுகளுக்குப் போன் போட்டுக் கச்சேரி புடிச்சுக்கிட்டே இருக்கா. சீசன் முடியுத வரைக்கும் புடிச்சு வச்சிருக்கா. எனக்காக ஒழுகுத வீட்டுல கெடந்தவ அண்ணாச்சி. இப்ப முடியலைன்னு எந்த வாயால சொல்ல? பெட்டி போயிட்டுன்னா பழி பெட்டியோட போயிரும்லா."

"சென்சிட்டிவிட்டியை இன்னும் கூட்டித் தாரேன். பூ விழுந்தாப்புல தொட்டாப் போதும், முழுசாக் கேக்கும்."

"அப்பவும் நாந்தான தொடணும்?"

பார்க்கிறேன் என்று சொன்னேன். பெட்டியை விட்டுவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து ஆமினா போன் செய்தாள். கச்சேரிக்குப் பெட்டி வேண்டும் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"பெட்டி எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"பாத்துக்கிட்டிருக்கேம்மா."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாக்காண்டாம். ஆகாதுன்னு சொல்லிருங்க."

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அவளே பேசினாள். "தெனமும் அவுக விரல்ல தைலம் போட்டு நீவி விடுதது நாந்தான். எனக்குத் தெரியாதா? நான் கச்சேரி புடிக்காம விட்டா, 'எங் கை போயிட்டுன்னு இவளே முடிவு கட்டிட்டா'ன்னு நெனச்சு ஒடஞ்சு போவாக. அதுக்காகத்தான் புடிச்சுக்கிட்டே கெடக்கேன். பெட்டி போனா அவுகளுக்கு ஒரு கொறையும் இல்ல. அன்னைக்கு உங்க சார் சொல்ல மாட்டேன்னுட்டாக. நீங்களாவது சொல்லுங்க." பிறகு, "அவுக உங்ககிட்ட ஏதும் சொன்னாகளா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

சாரின் சட்டத்தை நினைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். சார் இருந்திருந்தால் பெட்டியைத் துடைத்து, 'பத்து' என்று சொல்லிக் கையில் கொடுத்திருப்பார். அவர் சொல்லைக் காக்க அவருக்கு ஒரு கடை இருந்தது. எனக்குக் கடை இல்லை. என் பேச்சை நம்பி வர இனி எந்தப் பெட்டியும் இல்லை.

மைதீனுக்குப் போன் போட்டேன். சத்தமாகக் கேட்கும்படி வைத்திருந்தான் போல. ஆமினாவின் வளையல் சத்தமும் கேட்டது.

"ஆகாது மைதீன். பெட்டி அவ்வளவுதான். உதிரி கெடைக்காது."

"அப்படியா அண்ணாச்சி? அடடா" என்றான் மைதீன்.

"போனாப் போகுது, விடுங்க. அதுக்கும் வயசாயிட்டுல்லா" என்றாள் ஆமினா பின்னாலிருந்து.

இரண்டு பேரும் வருத்தப்பட்டார்கள். நன்றாகவே வருத்தப்பட்டார்கள். அவர்கள் வருத்தப்பட்டு முடிக்கும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மலர் அச்சன்புதூருக்கும் போகும். குழுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு பிரதி என்று, வந்த மூன்று பேரும் சொன்னார்கள். போகட்டும் என்றுதான் ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்ட ஒரே விஷயத்தை நான் ஒருவனே சுமந்துகொண்டிருக்க என் உடம்பில் தெம்பு இல்லை. படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே வந்து திட்டலாம்.

கேட்டு வந்தவர்களுக்கு என் பதில்: லிஸ்டில் இல்லாத பேட் வந்தால், முதலில் ஆளை உள்ளே கூப்பிட்டு அடிக்கச் சொல்லிப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தம்மாம் பெட்டி என் மேசைமேல்தான் இருக்கிறது. மைதீனைக் கேட்டுக்கொண்டு, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் கதவைச் சாத்திவிட்டு வரவும். நேற்று ஒரு பழைய பேடைச் செருகி, விரல் நுனியால் பத்துத் தட்டு தட்டிப் பார்த்தேன். பத்தும் கேட்டது.